‘டூப்ளிகேட்’ என்று வீசுமுன் திறந்து பாருங்கள்

சென்ற மாதம் படிவம் 3 மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் என்னைத் தேடி வந்தான். “டீச்சர், 350 வெள்ளி சேர்த்துட்டேன். இன்னும் கொஞ்சம் சேர்த்தா ஜப்பான்லருந்து அசல் ஃபேமிகாம் வாங்கிடலாம். வாங்கலாமா?” என்று கேட்டான். அவன் வீட்டில் ஏற்கெனவே மாமா விளையாடிய பழைய மைக்ரோ ஜீனியஸ் பெட்டி ஒன்று இருக்கிறதாம். “அது டூப்ளிகேட் டீச்சர். அம்மா தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க.”

போடுவதற்கு முன்பு ஒருமுறை பள்ளிக்குக் கொண்டு வா என்றேன். அவன் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். பழைய வீடியோ கேம் மீது ஆசை வந்திருக்கும் மாணவர்கள் அவன் ஒருவன் மட்டும் அல்லர் என்று எனக்குத் தெரியும்.

ஃபேமிகாம் என்பது நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் நாள் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட இயந்திரம். அதன் நினைவகம் வெறும் 2 கிலோபைட். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையைக்கூட அதற்குள் அடக்க முடியாது. ரிகோ நிறுவனம் செய்து கொடுத்த இரண்டு சிப்கள்தான் அதன் உயிர். ஒன்று கணக்குப் போட்டு ஒலியையும் எழுப்பும். மற்றொன்று படம் வரையும். தைவானிலும் பிற இடங்களிலும் இந்தச் சிப்களைப் போலவே இயங்கும் நகல் சிப்களைச் செய்தார்கள். அவற்றை வைத்து வந்த பெட்டிகளில் ஒன்றுதான் நம் நாட்டில் பல வீடுகளில் இருந்த மைக்ரோ ஜீனியஸ். நானும் அண்ணனும் அதில்தான் வளர்ந்தோம். அசல் எப்படி இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

சரி, அசல் ஏன் வேண்டும்? “அதுதான் சரியாக ஓடும்” என்றான் மாணவன். இங்கேதான் நாம் அறிவியல் மாணவர்களாக யோசிக்க வேண்டும். எங்கே சரியாக ஓடும்?

ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கிருந்து வரும் அடாப்டரை நம் வீட்டுச் சுவரில் நேராகச் செருகினால், அதற்கு வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் பாயும். அடாப்டர் கருகிவிடும். அதைத் தாண்டினாலும், 1983 மாடல் ஃபேமிகாம் ஆன்டெனா கம்பி வழியாகத்தான் படத்தை அனுப்பும், அதுவும் ஜப்பானியத் தொலைக்காட்சியின் 1 அல்லது 2ஆம் அலைவரிசையில். நம் தொலைக்காட்சிகள் அந்த அலைவெண்ணைத் தேடுவதே இல்லை. பெட்டியைத் திறந்து கம்பி மாற்றி ஒட்டினால்தான் படம் வரும். அப்படி மாற்றிய பிறகு அதை ‘அசல்’ என்று சொல்லலாமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இதைவிடச் சுவையான சிக்கல் ஒன்று உண்டு. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையை வரையும். நம் பழைய தொலைக்காட்சிகள் 50 முறை வரைந்தன. அந்தக் காலத்து கேம்கள் ஒவ்வொரு முறை திரை வரையப்படும்போதும் ஓர் அடி முன்னே நகரும். பாட்டும் அதே கணக்கில் ஓடும். ஆகவே 60 நொடிப் பாட்டு இங்கே 72 நொடி ஆகிவிடும்.

50 முறை வரையும் நாடுகளுக்காக நிண்டெண்டோவே வேறொரு மாடலைச் செய்தது. அதில் கணக்குப் போடும் சிப்பின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்கு இறங்கியது. ஒலியின் சுருதி அந்த வேகத்தை நம்பியே இருப்பதால், திருத்தாமல் ஓட்டிய கேம்களில் பாட்டு ஏறக்குறைய 7 விழுக்காடு தாழ்ந்து ஒலிக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஜப்பானியத் திரை ஒருமுறை வரைய 262 கோடுகள். நம் முறையில் 312. கூடுதலாக வந்த அந்த 50 கோடுகளின் நேரக் கணக்கு, ஜப்பானுக்காக எழுதப்பட்ட சில கேம்களைக் குழப்பிவிட்டது.

மாணவன் கொண்டு வந்த பெட்டியின் திருகுகளைக் கழற்றினோம். உள்ளே யூ.ஏ. 6527பி, யூ.ஏ. 6538 என்று எழுதிய இரண்டு சிப்கள். தைவானின் யூ.எம்.சி. நிறுவனம் 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிகளுக்கென்றே செய்தவை. இவற்றின் வேகம் 1.77 மெகாஹெர்ட்ஸ். ஜப்பானிய அசலோடு வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சுருதி கெடாது. கூடுதல் 50 கோடுகளின் நேரத்தையும் படம் வரையும் சிப் சும்மா கடத்திவிட்டு, அதன் பிறகே ‘படம் முடிந்தது’ என்று கேமுக்குத் தகவல் சொல்லும். ஜப்பானில் ஓடுவதாகவே கேம் நினைத்துக்கொள்ளும். ஆட்டம் மெதுவாக ஓடுவதை மட்டும் இதனாலும் மாற்ற முடியவில்லை. ஆனால், ஜப்பானிய கேமை நம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டும் வேலையை அந்த 1.66 மாடலைவிட இந்த ‘டூப்ளிகேட்’ நன்றாகச் செய்தது. யாரோ ஒரு பொறியியலாளர் நம்மைப் போன்றவர்களின் தொலைக்காட்சியை மனத்தில் வைத்து உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

நகல்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சதுர அலை தெரியும் அல்லவா? ஒரு சுற்றில் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒலியின் தன்மை மாறும். பாதி நேரம் நின்றால் ஒருவிதம், கால் பங்கு நின்றால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போல. பல நகல் சிப்களில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. சுருதி அதேதான், குரல் வேறு. அலைகள் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பின்னாளில் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கிய மலிவுப் பெட்டிகளில் காசில்வேனியா 3இன் அமெரிக்கப் பதிப்பு போன்ற சில கேம்கள் ஒழுங்காக ஓடுவதே இல்லை.

அசலும் என்றும் பதினாறாக இருக்காது. நிண்டெண்டோ ஃபேமிகாம் தயாரிப்பை 2003இல் நிறுத்திவிட்டது. கடைசியாக வந்த பெட்டிக்குக்கூட இப்போது 20 வயது தாண்டிவிட்டது. உள்ளே உள்ள மின்தேக்கிகள் காய்ந்தோ கசிந்தோ போயிருக்கலாம். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் கேசட்டுகளில் சின்ன பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால் சேமித்தது அத்தனையும் போய்விடும். அசலுக்குப் பணம் கொடுப்பவர் பழுது பார்க்கும் வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். சூடுகோல் பிடிக்கப் பழகத் தயார் என்றால் வாங்குங்கள், தடுக்க மாட்டேன். அலமாரியில் வைத்துப் படம் எடுக்க என்றால், அம்மா அப்பாவின் பணத்தை அதில் போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிண்டெண்டோ 2016 நவம்பரில் தன் பழைய இயந்திரத்தைச் சின்ன உருவில் 30 கேம்களுடன் வெளியிட்டது. அதன் உள்ளே பழைய சிப் கிடையாது. கைப்பேசிகளில் உள்ளதைப் போன்ற செயலியில் ஒரு மென்பொருள் பழைய இயந்திரமாக நடிக்கிறது. பெயர் அசல், உள்ளே நடிப்பு. மாமாவின் பெட்டியில் பெயர் நகல், உள்ளே உண்மையான சிப். எதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

பாசார் மாலாமில் விற்கும் புதுப் பெட்டிகளைப் பற்றி மட்டும் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முதலில் அடாப்டரைப் பாருங்கள். சிரிம் முத்திரை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். இரவு முழுவதும் சுவரில் கிடக்கும் பொருள் அது. அடுத்து, உள்ளேயே நூற்றுக்கணக்கான கேம்கள். 1983 வன்பொருளின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. அதைப் போன்ற சிப்பை இன்று செய்வதில் எனக்குக் குறையில்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோவுக்கோ பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. அனுமதியின்றிப் பதிந்து விற்றால் அது திருட்டுத்தான். என் வீட்டில் இருந்த கேசட்டும் அப்படிப்பட்டதே, மறைப்பானேன்? மேலே ‘99,99,999 கேம்கள்’ என்று அச்சிட்டிருந்தது. ஒரு பள்ளி விடுமுறையில் நானும் அண்ணனும் உட்கார்ந்து எண்ணினோம். வேறுவேறு கேம்கள் 22 தேறின. மற்றவை அதே கேம்கள், நடுக்கட்டத்திலிருந்து தொடங்கின.

மாணவனின் பெட்டிக்கு வருவோம். மின்தேக்கி ஒன்றின் தலை உப்பியிருந்தது. அதே அளவுள்ள புதியதின் விலை 60 காசு. கால்களின் நேர், எதிர் முனைகளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அவனே ஒட்டினான். முதல் ஒட்டு அசிங்கமாக இருந்தது, இரண்டாவது பரவாயில்லை. கேசட்டின் தொடுமுனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். பள்ளிக் கிடங்கில் கிடந்த குண்டுத் தொலைக்காட்சியில் இணைத்ததும் படம் வந்தது. அந்தத் தொலைக்காட்சியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

350 வெள்ளியை அவன் இன்னும் செலவழிக்கவில்லை. அசல் வாங்கும் ஆசையும் போகவில்லை என்கிறான். போன புதன்கிழமை மாமாவைப் பள்ளிக்கே அழைத்து வந்தான். அவர் கைப்பிடியை வாங்கி உட்கார்ந்தவர், ஆய்வகத்தைப் பூட்டும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை.