கோப்பில் உறங்கும் பரிசோதனை முடிவுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அறுபது வயது நிறைந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6 விழுக்காடு. பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்துவிட, கொல்லங்கோடு போன்ற எல்லைப்புற ஊர்களின் முதியோர் சிலருக்குப் பராமரிப்பு இல்லமே கடைசிப் புகலிடம். அங்கே உணவைப் பற்றிக் கேட்போர் உண்டு. எடுத்த இரத்தத்தின் முடிவு எப்போது வந்தது, மருத்துவர் அதை எப்போது பார்த்தார் என்று கேட்போர் அரிது.

முதுமையில் நோய் வேறு முகம் காட்டும். கிருமித் தொற்று காய்ச்சலின்றி, திடீர் மனக்குழப்பமாக மட்டுமே வெளிப்படலாம். சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையால் சோடியம் குறைந்தாலும் அதே குழப்பந்தான். ‘வயதானால் அப்படித்தான்’ என்ற அலட்சியத்தை உடைக்க ஆய்வக முடிவு வேண்டும். அதுவும் உரிய நேரத்தில் வேண்டும். பிரிக்கப்படாத இரத்தம் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தால் சர்க்கரை குறைந்து காட்டும்; அணுக்கள் சிதைந்தால் பொட்டாசியம் கூடிக் காட்டும். தவறான முடிவு தவறான மருந்துக்கே வழிகாட்டும்.

குறை எங்கே? ஆய்வகங்கள் 2018ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. முதியோர் இல்லங்களோ அநாதை இல்லக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெறுபவை. முடிவைத் தருவதோடு ஒன்றின் கடமை முடிகிறது. கோப்பில் சேர்ப்பதோடு மற்றொன்றின் கடமை முடிந்துவிடக் கூடாது. இடையில் அல்லற்படுபவர் குறைந்த ஊதியத்தில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர். பழியை அவர்மீது சுமத்துவது உழைப்பாளிக்கு இழைக்கும் அநீதி.

அமெரிக்காவில், இயல்புக்கு மாறான முடிவைப் பராமரிப்பு இல்லம் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஆயினும் 2020 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லாந்து நகர இல்லமொன்றில் கொரோனா கண்டறியப்படுமுன்பே பரவி, முதியோர் பலரைப் பலிகொண்டது. இலாப நோக்கில் இயங்கும் மருத்துவத்தில் விதி மட்டும் உயிர் காக்காது. பொதுச் சுகாதாரக் கட்டமைப்பும் வேண்டும்.

கேரளத்துக்கு அந்த அடித்தளம் உண்டு. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் சுகாதார நிலையங்களை ஊராட்சிகளோடு இணைத்தது. 2008ஆம் ஆண்டின் வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கை செவிலியரை வீட்டுவாசலுக்கே கொண்டுவந்தது. அரசு ஆய்வகங்களை இணைக்கும் ‘நிர்ணயா’ வலைப்பின்னலில் பராமரிப்பு இல்லங்களையும் சேர்க்க வேண்டும். மாதிரி எடுத்த நேரம், முடிவு வந்த நேரம், மருத்துவருக்குச் சொன்ன நேரம் ஆகிய மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆபத்தான முடிவு தொலைபேசியில் உடனே போக வேண்டும். போதிய செவிலியர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள உரிமை தந்தது. அதன் உணர்வுக்கேற்ப முடிவின் பொருளும் தமிழில் சொல்லப்பட வேண்டும்.

கிளைத் தோழர்கள் இக்கோரிக்கைகளைக் கிராமசபையில் எழுப்பட்டும். கேட்பாரற்ற முதியோருக்காகக் கேட்பது தொண்டு அன்று, வர்க்கக் கடமை.