உபதேசியாருக்கு ஒரு பக்கம்

நம் திருச்சபைகள் வெள்ளி விழா, பொன் விழா எனக் கொண்டாடும்போதெல்லாம் ஒரு மலர் வெளிவருகிறது. முதற் பக்கத்தில் ஆயர். அடுத்து, கடல் கடந்து வந்த வெள்ளைக்காரக் குருக்கள். அதற்கடுத்து, கட்டட நிதிக்கு வாரி வழங்கியோர். கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்க் காடுகளில் வேதத்தை உண்மையில் சுமந்து நடந்தவரோ ‘மற்றும் பலர்’ என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிப் போகிறார். இதனை வரலாறு என்று ஏற்க நான் மறுக்கிறேன்.

வெளிநாட்டுக் குருக்களின் உழைப்பைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. அவர்கள் பட்ட பாடு உண்மை. தமிழ் கற்றுத் தமிழிலேயே பிரசங்கித்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆயினும் நாள்கணக்கைப் பாருங்கள். சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் எனச் சிதறிக் கிடந்த தோட்டங்களுக்குக் குருவானவர் வந்து போனது மாதத்தில் ஒரு நாள். பல இடங்களில் அதற்கும் அரிதாகவே. எஞ்சிய நாள்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொன்னவர் யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நண்பகல் வரை பால் வெட்டி, மாலையில் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்திச் செபமாலையைத் தொடங்கிய உபதேசியார்தாம். சாகக் கிடந்த பச்சிளங் குழந்தைக்கு அவசரத் திருமுழுக்குக் கொடுத்தவர் அவர். குழி வெட்ட ஆள் சேர்த்தவரும் அவர். மண்ணிடும்போது செபம் சொன்னவரும் அவர். எழுத்தறியாத தாய்க்கு ஊருக்குக் கடிதம் எழுதித் தந்ததும், விதவை ஒருத்திக்காகக் கிராணியின் முன் கைகட்டி நின்றதும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறாத ஊழியங்கள்.

கள்ளுக்கடை கலைந்த பிறகே சில லயங்களில் செபம் தொடங்கிற்று என்பார்கள். உபதேசியாரே அங்கிருந்து எழுந்து வந்த கதைகளும் உண்டு. நான் அவருக்குப் புனிதர் பட்டம் கேட்கவில்லை. ஒரு பக்கம் கேட்கிறேன்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். நாட்டில் எஞ்சிய பிரித்தானியப் போதகர்கள் சிறைமுகாமில் அடைபட்டனர். தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில்பாதை விழுங்கிற்று. அந்நாளில் லயங்களில் செபம் அணையாமற் காத்தவர்கள் எந்த மிஷனின் ஊழியர்கள்?

1976இல் தீபகற்ப மலேசியக் கத்தோலிக்கக் குருக்கள் ஒரு மாதம் ஒன்றுகூடித் திருச்சபையின் எதிர்காலத்தை ஆராய்ந்தனர். அந்த ஒரு மாதம் பங்குகள் குருக்களின்றி இயங்கியது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. செம்பிலாங் பக்கத்து உபதேசியாருக்கு அதில் என்ன புதுமை? அவர் வாழ்நாளெல்லாம் நடத்தியது அதுதானே!

துரைக்கு எழுத்து இருந்தது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமாரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனையை நட்ட ஆன்றி ஃபொக்கோனியே, 1930இல் மலாயாவைப் பற்றி நாவல் எழுதிப் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். அந்தச் செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவிலும் மிஷன்கள் இருந்தன. அடிமைக் கப்பலிலிருந்து 1822இல் மீட்கப்பட்டு, ஃப்ரீடவுன் நகரில் கரையேறிய யொரூபாச் சிறுவன் சாமுவேல் குரோத்தர், 1864இல் ஆங்கிலிக்கன் ஆயரானார். வேதாகமத்தைத் தம் தாய்மொழியில் பெயர்க்கும் பணியில் முன்னின்றார். பின்னாளில் வெள்ளையர் அவரை ஓரங்கட்டியதும் உண்மையே. ஆனால், 1965இல் நைஜீரிய வரலாற்றாசிரியர் அஜாயி அந்த மிஷன்களின் வரலாற்றை எழுதியபோது, ஆப்பிரிக்க ஊழியர்களை அதன் நடுவில் நிறுத்தினார். தம் வரலாற்றைத் தாமே எழுத அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாம் மட்டும் யாருடைய உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குச் சிதறின. உபதேசியாரின் குரலைக் காதால் கேட்டவர்கள் இன்று முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். அடுத்த மலரைத் தொகுக்கப் போகும் குழுவினரே, நன்கொடைப் பட்டியலைச் சற்று ஒதுக்கி வையுங்கள். பழைய திருமுழுக்குப் பதிவேட்டை விரித்து, ஞானத்தந்தையின் பெயர் எழுதும் பத்தியைப் பாருங்கள். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருமானால், அவர் யார், எந்த லயத்தில் இருந்தார் என்று அம்மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். முதற் பக்கத்தில் எவர் படத்தைப் போடுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.