கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியும் நுரையீரல் உறைப் புற்றுநோயும்: தமிழ்நாடு அரசுக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட், குழாய், பிரேக் லைனிங் ஆலைகளில் பணியாற்றிய தொழிலாளர்கள் மற்றும் குடும்பத்தார் சங்கம், சென்னை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை.
செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை.
இயக்குநர் அவர்கள், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.
தலைவர் அவர்கள், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்.

பொருள்: கல்நார்த் தூசியால் மீசோதீலியோமா உள்ளிட்ட நோய்களுக்கு ஆளாகும் தொழிலாளர்கள், குடும்பத்தார், ஆலையை ஒட்டி வாழ்வோர் ஆகியோரைக் கண்டறிதல், சிகிச்சை, இழப்பீடு குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் கல்நார் மூட்டையைக் கிழித்து மிக்சரில் கொட்டியவர்கள், ஷீட் அறுத்தவர்கள், பாய்லர் குழாய்க்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியவர்கள், பிரேக் ஷூவைக் கிரைண்டரில் தேய்த்தவர்கள். அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். பலர் அந்த வேலையை விட்டு 20, 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. மூச்சு வாங்குவதோ இப்போதுதான். நோய் வந்து சேரும்போது ஆலை மூடிக் கிடக்கிறது, அல்லது கை மாறிவிட்டது. அழைத்துப் போன ஒப்பந்ததாரர் எங்கே என்று தெரியாது. அங்கே வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லை. இந்த நீண்ட இடைவெளியில் தொழிலாளி தொலைந்துபோகாமல் காக்க அரசால் மட்டுமே முடியும். அதைக் கேட்கவே இந்த மனு.

கல்நார் இழை நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகும் தன்மை உடையது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசான இழை மூச்சோடு உள்ளே போனால், உடலால் அதைக் கரைக்க முடியாது. வெளியே தள்ளவும் முடிவதில்லை. நுரையீரலைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள உறையில் போய்த் தங்கி, அங்கே ஆண்டுக்கணக்கில் அழற்சியை உண்டாக்குகிறது. அந்த உறையில் வரும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. தூசியைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் வெளிப்படும் காலத்துக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். வெளிப்பட்ட பிறகு பெரும்பாலோர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான் உயிரோடு இருக்கிறார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆபத்து அல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த 33 நோயாளிகளைப் பற்றி வாக்னரும் அவருடைய சக மருத்துவர்களும் 1960-இலேயே எழுதிவிட்டார்கள். 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் ஆகிய இரு மருத்துவப் பெண்மணிகள் வெளியிட்ட ஆய்வை அதிகாரிகள் அவசியம் கவனிக்க வேண்டுகிறோம். ஆலைக்குள் காலே வைக்காதவர்களுக்கும் இந்த நோய் வந்திருந்தது. அவர்களில் சிலர் கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த பெண்கள். சிலர் ஆலையிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்தவர்கள். எங்கள் வீட்டுப் பெண்களும் அந்த உடுப்பை உதறித்தான் துவைத்தார்கள். உதறினால் வெள்ளையாகப் பறந்தது நஞ்சு என்று ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இந்தியாவுக்கு இறக்குமதியாவது வெள்ளைக் கல்நார், அது நீலக் கல்நாரைப்போல் ஆபத்தானதல்ல என்று ஆலைத் தரப்பு சொல்லி வருகிறது. உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இந்த விவாதத்தை எங்கள் உடம்பில் இன்னும் நடத்திப் பார்க்க வேண்டாம்.

மருத்துவமனைகளில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெஞ்சில் நீர் கோத்துப் போகும் தொழிலாளிக்கு முதலில் காசநோய் மருந்து தரப்படுகிறது. நம் நாட்டில் காசநோய் மிகுதி என்பதால் டாக்டர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. நீரை எடுத்து அனுப்புகிறார்கள், மறுபடி கோக்கிறது. மாதங்கள் போகின்றன. உறையிலிருந்து சதை எடுத்து, சிறப்புச் சாயப் பரிசோதனை செய்தால்தான் மீசோதீலியோமா என்று உறுதி சொல்ல முடியும். அந்த வசதி மாவட்டத்து ஏழைக்கு எட்டுவதில்லை. "பீடி குடிப்பீர்களா?" என்று கேட்கிறார்கள். கல்நார்த் தொழிலாளி புகையும் பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்பது உண்மை. ஆனால் உறைப் புற்றுநோய்க்கும் புகைக்கும் தொடர்பில்லை. எனவே, "முன்பு என்ன வேலை செய்தீர்கள்?" என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். அதைக் கேட்பவர் மிகக் குறைவு. கேட்காததால் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராததால் தமிழ்நாட்டில் இந்த நோயே இல்லை என்று சொல்லிவிட முடிகிறது.

சட்டத்தில் இடமில்லாமல் நாங்கள் கேட்கவில்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, ஆலையில் வேலை செய்பவருக்கு மட்டுமின்றி முன்பு வேலை செய்தவருக்கும் அட்டவணையில் உள்ள தொழில்நோய் இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. ஆஸ்பெஸ்டோசிஸ் (கல்நார்த் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்), தொழில்வழிப் புற்றுநோய் இரண்டும் அந்த அட்டவணையில் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கடமை தொடர்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக உச்ச நீதிமன்றத்தின் 1995 ஜனவரி 27 தீர்ப்பு இருக்கிறது. கன்ஸ்யூமர் எஜுகேஷன் அண்ட் ரிசர்ச் சென்டர் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ உதவியும் பணிக்காலத்தில் மட்டுமல்ல, ஓய்வுக்குப் பிறகும் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு கல்நார்த் தொழிலாளியின் உடல்நல ஏட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. 1988-இல் 20 வயதில் சேர்ந்து 2026-இல் ஓய்வு பெறுபவரின் ஏடு 2041 வரை இருக்க வேண்டும். கல்நார் ஆலைகள் அனைத்தும் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு செய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும், தம் ஏட்டை ஒருமுறையாவது கண்ணால் பார்த்தவர் எங்கள் உறுப்பினர்களில் அரிது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏடே கிடையாது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, அந்த ஏடுகள். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் மாநிலத்தில் இயங்கும், மூடப்பட்ட எல்லாக் கல்நார் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டு, உடல்நல ஏடுகளையும் பழைய சம்பளப் பதிவுகளையும் கைப்பற்றிப் பாதுகாக்க வேண்டும். ஆவணம் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பதிவுகள், உடன் வேலை செய்தோரின் உறுதிமொழி ஆகியவற்றை ஏற்று அடையாள அட்டை வழங்க வேண்டும். ஆவணம் வைத்திருக்க வேண்டியது ஆலையின் கடமை. அது தவறியதற்குத் தண்டனை தொழிலாளிக்கு வரக்கூடாது.

அட்டை பெற்ற ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே, சுவாசத் திறன் சோதனை ஆகியவற்றை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்ய வேண்டும். உடுப்பு துவைத்த மனைவிக்கும் இது பொருந்த வேண்டும். சந்தேகம் உள்ளவர்களின் சதைப் பரிசோதனைக்குச் சில அரசு மருத்துவக் கல்லூரிகளை மையமாக அறிவித்து, கீமோதெரபியையும் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் முழுமையாகத் தர வேண்டும். மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டில் மீசோதீலியோமா நோயாளி ஒவ்வொருவரின் தொழில் வரலாறும் வசித்த இடமும் கட்டாயம் எழுதப்பட வேண்டும்.

இழப்பீட்டுக்கு நாட்டுக்குள்ளேயே முன்மாதிரி உண்டு. ராஜஸ்தான் அரசு 2019-இல் தூசி நோய்களுக்கெனக் கொள்கை வகுத்து, நோய் சான்றளிக்கப்பட்டதும் 3 லட்சம் ரூபாயும் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் தருகிறது. ஜப்பானில் அமகசாகி நகரின் பழைய குழாய் ஆலையைச் சுற்றி வசித்தோருக்கு நோய் வந்தது 2005-இல் வெளிப்பட்டது. மறு ஆண்டே தொழிலாளர் அல்லாதோருக்கும் நிவாரணம் தரும் சட்டம் வந்தது. இவ்விரண்டையும் சேர்த்து, தமிழ்நாடு ஒரு கல்நார் நிவாரண நிதியை ஏற்படுத்த வேண்டும். அதற்கான பணத்தைக் கல்நார் பயன்படுத்தும் ஆலைகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும்.

அடுத்தது கூரைகள். உடையாமல், அறுபடாமல், துளையிடப்படாமல் இருக்கும் ஷீட்டைக் கண்டு பீதி அடையத் தேவையில்லை. வேறு கூரை போட வழியில்லாத ஏழையின் தலைக்கு மேலிருப்பதை நாளைக்கே பிடுங்கும்படி நாங்கள் கேட்கமாட்டோம். ஆனால் 2018-இல் கஜா புயல் அடித்தபோது நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் நொறுங்கிய ஷீட்டுகளை மக்கள் வெறுங்கையால் அள்ளினார்கள். அடுத்த புயலுக்கு முன்பாவது, உடைந்த ஷீட்டை நனைத்து, தடித்த பையில் கட்டி, அபாயக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோகும் நடைமுறையை மாசு கட்டுப்பாட்டு வாரியமும் உள்ளாட்சிகளும் வகுக்க வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அரசே விலக்கியிருக்கிறது. அதே முடிவை அரசுப் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் என எல்லாப் பொதுக் கட்டடங்களுக்கும் விரிவாக்குங்கள்.

கல்நாரை இறக்குமதி செய்வதைத் தடுப்பது ஒன்றிய அரசின் கையில் உள்ளது. 1986-க்குப் பிறகு கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதிய குத்தகை தருவதை நிறுத்திய நாடு, வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் வாங்கிக்கொண்டிருக்கிறது. சட்டப்பேரவையில் தீர்மானம் இயற்றித் தடையை வலியுறுத்த வேண்டும். இன்று அந்த ஆலைகளில் இருக்கும் தொழிலாளிகள் எங்கள் தம்பிகள். அவர்கள் வேலை போகக்கூடாது. செயற்கை நார் கலந்த சிமெண்ட் ஷீட் செய்யும் தொழில்நுட்பம் இருக்கிறது. அதற்கு மாற ஆலைகளுக்குக் கால வரம்பு விதித்து, தேவையான உதவியும் செய்யுங்கள்.

பிரிட்டன் 1999-இல் கல்நாரை முழுமையாகத் தடை செய்தது. இன்றும் அங்கே ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் மீசோதீலியோமாவால் இறக்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்று தூசியைச் சுவாசிப்பவர்களின் நோய் 2050-ஐ ஒட்டி வெளிவரும். அவர்களுக்கான ஏட்டை இன்றைக்கே திறந்தாக வேண்டும்.

மேற்கண்டவற்றைப் பரிசீலிக்க, இரு துறைகளும் வாரியமும் எங்கள் சங்கப் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை 30 நாட்களுக்குள் கூட்டி, எடுக்கும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்களில் சிலருக்குக் காத்திருக்கும் காலம் அதிகம் இல்லை.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்