பாதாளத்துக் காளான்

பாதாளம் என்ற மாத்திரத்தே நம்மவர் மனத்தில் நாகலோகம் தோன்றும். அமெரிக்கக் கற்பனையாளர் கண்ட பாதாளமோ வேறு. 1974 ஆம் ஆண்டிலே கைகக்ஸ், ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிரகன்ஸ்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றியிருப்போர் தாயக்கட்டை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. கதைமாந்தர் புதையல் தேடி இருட்குகைகளில் இறங்குவர். ஆங்கு அவர்களை எதிர்கொள்ளும் கொடியனவற்றின் விவரத்தைக் கைகக்ஸ் 1977 இல் அகராதி போல ஒரு நூலாகத் தொகுத்தார். அந்நூலிலே நம் கருத்தைக் கவர்ந்தது வாளேந்திய பூதமன்று. ஊதாநிறக் காளான் ஒன்றே.

இதற்குத் துணையாக அலறும் காளான் என்றோர் இனம் உண்டு. வெளிச்சம் 30 அடிக்குள் வந்தாலும், அசைவு 10 அடிக்குள் நேர்ந்தாலும் அது வீரிட்டு அலறும். விளக்கேந்தி வந்தவன் பாடு திண்டாட்டந்தான்! ஊதாக் காளானோ வாய் திறப்பதில்லை. உருவில் அலறுவதைப் போன்றே தோன்றி அதனருகே நிற்கும். நெருங்கினோரைக் கிளைகளால் தீண்டும். தீண்டிய இடத்துத் தசை அழுகும்.

இப்படைப்பிலே ஒரு நியாயம் இருப்பதை நாம் மெச்சுகின்றோம். சூரியவொளி புகாத இடத்திற் பச்சையிலை வாழாது. பூச்சி தின்னும் செடிகளும் ஊனை நாடுவது பெரும்பாலும் நைதரசன் முதலிய சத்துக்கள் வேண்டியே. உடலை வளர்க்க அவையும் ஒளியையே நம்பியுள்ளன. ஆகவே, இருளிலே குடியிருத்தத் தக்கது காளானே. ஆயின், அவ்விளையாட்டின் 2000 ஆம் ஆண்டுப் பதிப்பு இதனைத் தாவரமென்று வகுத்ததை நாம் ஏற்கமாட்டோம். 1969 இலேயே விற்றேக்கர் என்னும் அறிஞர் பங்கசுகளுக்குத் தனி இராச்சியம் வழங்கிவிட்டார்.

வேட்டையாடும் பங்கசு வெறுங் கற்பனையுமன்று. மண்ணில் வாழும் பங்கசு ஒன்று நூற்புழுவைப் பிடித்துண்பதை 1888 இல் ஜேர்மனிய அறிஞர் ஒருவர் கண்டறிந்தார். அதன் உறவினங்களுட் சில, சுருக்கு வைக்கவும் வல்லன. மூன்று கலங்களாலான நுண்ணிய வளையமே அச்சுருக்கு. புழு உள்ளே நுழைந்து உராய்ந்ததும், ஒரு செக்கனின் பத்திலொரு பங்கிலே மூன்று கலங்களும் உப்பி இறுகும். பின்னர் பங்கசிழைகள் புழுவின் உடலைத் துளைத்து உட்புகும். புழு வளையத்தை அறுத்துக்கொண்டு ஓடினாலும் தப்புவதில்லை. கழுத்தில் மாட்டிய வளையமே முளைத்து அதனைத் தின்னும்.

இனி, வாசகர்கள் சந்தையிலே வாங்கும் சிப்பிக் காளானைப் பற்றியும் ஒரு வார்த்தை. உக்கும் மரத்தில் வளரும் இதற்கு, மரத்திலுள்ள நைதரசன் போதாது. எனவே, தன்னருகே வரும் நூற்புழுக்களை நஞ்சினால் முடக்கி, இழைகளை அவற்றுட் செலுத்தி உண்கின்றது. 1984 இல் அறிஞர் இதனை வெளியிட்டனர். காளான்கறியை மரக்கறிப் பந்தியிலே தயங்காமற் பரிமாறுவோர் இச்செய்தியை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லவேண்டுமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளட்டும்.