41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு விருந்து



இந்த மாதம் உங்களோடு ஒரு ஹங்கேரிய நாவலைப் பற்றிப் பேச ஆசை. சாண்டோர் மாராய் எழுதி 1942-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'எம்பர்ஸ்' என்ற பெயரில் 2001-இல் வந்தது.

பத்து வயதில் வியன்னா ராணுவப் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் ஹென்ரிக்கும் கோன்ராடும் இணைபிரியாத நண்பர்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு விடியற்காலை வேட்டையில், கோன்ராடின் துப்பாக்கி மானைக் குறிவைக்கவில்லை, தன்னைத்தான் குறிவைக்கிறது என்று ஹென்ரிக்குக்குப் படுகிறது. துப்பாக்கி வெடிக்கவில்லை. மறுநாள் கோன்ராட் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். மலேயாவில் காலம் கழித்து, 41 ஆண்டுகளுக்குப் பின் கிழவனாக ஹென்ரிக்கின் மாளிகைக்கு விருந்துண்ண வருகிறான். நாவலின் பெரும்பகுதி அந்த ஓர் இரவுப் பேச்சுதான்.

ஹென்ரிக்கின் மனைவி கிறிஸ்டினாவை வைத்து இதை முக்கோணக் காதல் கதை என்பவர்கள் உண்டு. எனக்கோ, கலீசியாவில் வாழ்ந்த கோன்ராடின் பெற்றோரிடம்தான் கதையின் வேர் தெரிகிறது. மகன் நாடகம் பார்க்கப் போகும்போது அணியும் கையுறைக்காகக்கூட வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். அதைப் பார்த்து வளர்ந்தவனால் செல்வந்த நண்பனின் பணத்தைத் தொட முடியவில்லை. ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் தூங்கி எழுந்த ஹென்ரிக்குக்கோ, அந்த மறுப்புக்குள் எவ்வளவு வலி இருந்தது என்பது உறைக்கவே இல்லை. நட்பில் பணம் செய்யும் வேலையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நாவல்கள் குறைவு.

ஹென்ரிக் மீது எனக்குக் கோபமும் உண்டு. நண்பன் போனபின் எட்டு ஆண்டுகள், கிறிஸ்டினா சாகும்வரை, அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் தனியே இருந்துவிட்டான். வேட்டை நாளின் உண்மையைச் சொல்லக்கூடிய அவளுடைய நாட்குறிப்பு கையில் இருந்தும் படிக்காமல் அந்த விருந்து இரவில் நெருப்பில் போடுகிறான். நாற்பது ஆண்டுகளாக மனதில் உருப்போட்டு வைத்த கேள்விகளுக்கு, எதிரே அமர்ந்திருப்பவனிடமிருந்தும் நேரான பதில் வருவதில்லை.

மாராய் 1948-இல் நாட்டைவிட்டு வெளியேறியவர், திரும்பவே இல்லை. 1989-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இறந்தார். இந்த நாவல் 1998-இல் இத்தாலியில் மறுபடி வெளியாகி உலகப் புகழ் பெற்றதைப் பார்க்க அவர் இல்லை.

கிடைத்தால் படியுங்கள். பல காலமாகப் பேச்சற்றுப்போன நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், எங்களுக்குக் கடிதம் எழுதும் முன் அவருக்கு ஒன்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்