கதிர் வேறு, தீட்டு வேறு

கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு வியாதியைக் கண்டுபிடிப்பதையும், வியாதிக்கு வைத்தியம் செய்வதையும் பற்றி ஜனங்களிடத்தில் இரண்டு விதமான எண்ணங்கள் இருந்து வருகின்றன. ஒரு கூட்டத்தார் அது எந்த வியாதியையும் எரித்துச் சாம்பலாக்கிவிடும் அற்புதம் என்று நம்புகிறார்கள். மற்றொரு கூட்டத்தார் அது உடம்பில் பட்டாலே அணுகுண்டு விழுந்த மாதிரிதான் என்று நடுங்குகிறார்கள். முன்னவர் பக்தர்கள், பின்னவர் பேய்க்குப் பயந்தவர்கள். இரண்டு பேரும் அந்த வஸ்துவை அளந்து பார்த்தவர்கள் அல்ல என்பதில் மாத்திரம் ஒற்றுமை உடையவர்கள்.

இந்த அறியாமை திண்ணைப் பேச்சோடு நின்றுவிட்டால் நமக்குக் கவலையில்லை. அது வீட்டுக்குள் புகுந்து நோயாளியின் தலையிலல்லவா விழுகிறது! ஒரு அம்மாளுக்குத் தைராய்டு வியாதிக்காகக் கதிரியக்க அயோடின் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்கள் தனியாகப் படுக்கவும், குழந்தையைத் தூக்காமல் இருக்கவும் டாக்டர் சொல்லி அனுப்புகிறார். அந்த நாள் கணக்கு தீர்ந்து, மாதங்கள் பல ஆன பிறகும், அந்த அம்மாளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தனி மூலை என்றால் அதற்கு என்ன பெயர்? டாக்டர் சொன்னது கணக்கு. வீட்டார் செய்வது தீட்டு. இரண்டுக்கும் உள்ள பேதத்தை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலாவது, இந்த வைத்தியம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1936-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் கார்ல் காம்ப்டன் என்ற பௌதிக சாஸ்திரி, பௌதிகம் வைத்தியத்துக்கு என்ன உதவி செய்யக்கூடும் என்பதைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக ஆக்க முடியுமா?" என்பதே அந்தக் கேள்வி. அதன் மேல் அவரும் பௌதிகக்காரர்களும் சேர்ந்து 1937-ல் முயல்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 1941-ல்தான் முதன் முதலாக மனிதருக்கு வைத்தியமாகக் கொடுத்தார்கள். யாருடைய கனவிலும் வந்து யாரும் சொல்லவில்லை. கேள்வி, சோதனை, கணக்கு, அதன் பிறகே மருந்து.

அந்த மருந்து வேலை செய்யும் விதமும் ரகசியம் அல்ல. கழுத்தில் இருக்கும் தைராய்டுச் சுரப்பி தன் வேலைக்காக ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துக்கொள்ளுகிறது. சாதாரண அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே அயோடின்-131 அங்கே போய்த் தங்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரமே பாயும் கதிர்களால் மிதமிஞ்சி வேலை செய்யும் சுரப்பியை அடக்குகிறது. சில வகைத் தைராய்டுப் புற்றுநோய்களில் மிச்சமிருக்கும் அணுக்களையும் அழிக்கிறது. சுரப்பியில் தங்காதது பெரும்பாலும் மூத்திரத்தின் வழியாக வெளியேறிவிடும். பிறகு சுரப்பி மிகவும் அடங்கிப் போனால் தினம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டிவரும். அதையும் மறைக்க வேண்டிய அவசியமில்லை.

வியாதியைக் கண்டுபிடிப்பதற்கு உபயோகமாவதும் இதே யுக்திதான். ஹெவெசி என்ற விஞ்ஞானி, 1911-ல் மான்செஸ்டரில் தாம் சாப்பிட்டு வந்த விடுதியில் மீந்த பதார்த்தத்தையே மறுபடியும் படைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, தட்டில் மீந்ததில் துளி கதிரியக்கப் பொருளைக் கலந்து வைத்தாராம். சில நாள் கழித்து வந்த பலகாரத்தைக் கருவியால் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டதாம்! போன வழியைக் கதிரே காட்டிக்கொடுக்கும் இந்த முறையை வளர்த்ததற்காக அவருக்கு 1943-ம் வருஷத்து நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. இன்று எலும்பையும் இருதயத்தையும் படம் பிடிக்க டெக்னீஷியம்-99எம் என்ற பொருளை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கொரு தரம் பாதியாகும். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மீதி.

அப்படியானால் இதில் ஆபத்தே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நம்பினவனுக்கு நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் ஈபன் பையர்ஸ் என்ற பணக்காரர் 1927-ல் கையில் அடிபட்டதற்காக, ஒரு டாக்டர் சொன்னபடி, ரேடியம் கலந்த தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தார். "ரேடிதார்" என்ற பெயரால் புட்டியில் விற்ற அந்தத் தண்ணீரைப் பலம் கொடுக்கும் தீர்த்தமென்று எண்ணி ஆயிரத்துக்கு மேற்பட்ட புட்டிகள் குடித்தார். ரேடியம் சுண்ணாம்புச் சத்தைப் போலவே எலும்பில் போய்ச் சேரும். பாதியாக 1,600 வருஷம் பிடிக்கும். தாடை எலும்பு அழுகி 1932-ல் அவர் மாண்டார். சொன்னவர் டாக்டர், குடித்தவர் படித்தவர் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, உடம்பில் எங்கே போகும், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்காத மருந்து, எவர் கொடுத்தாலும் தீர்த்தந்தான்.

இனி தீட்டு விஷயத்துக்கு வருவோம். அயோடின்-131 எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால், எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று தானே குறைந்து போகிறது. உடம்பை விட்டு வெளியேறுவதையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் குறையும். இரண்டு அடி தூரத்தை நான்கு அடியாக்கினால் மேலே படும் கதிர் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். கருவி வைத்தால் முள் காட்டும். குறைந்த பிறகு காட்டாது. தீட்டு என்கிறீர்களே, அதை அளக்க எந்தக் கருவி இருக்கிறது? அது எட்டு நாளில் பாதியானதுண்டா? எத்தனை அடிக்கு அப்பால் நின்றால் எவ்வளவு குறையும்? பாட்டனிடத்திலிருந்து பேரனுக்கு ஒட்டிக்கொண்டு போகிறதே, அது ரேடியத்தையும் தோற்கடிக்கும் வஸ்துவல்லவா! கதிருக்கு விலகி நிற்பது பிறர் நன்மைக்காக. காரணமும் உண்டு, கெடுவும் உண்டு. தீட்டுக்கு விலக்கி வைப்பது பிறரை இழிவுபடுத்துவதற்காக. காரணமும் இல்லை, கெடுவும் இல்லை.

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. கோபால்ட் முதலிய யந்திரங்களால் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சிக்கொண்ட நோயாளியின் உடம்பில் கதிரியக்கம் தங்குவதே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் நின்றவன் விளக்காகிவிடுவானா? அவரைத் தொடலாம், குழந்தையை அவர் மடியில் உட்கார வைக்கலாம்.

ஆனதால் கதிரியக்க வைத்தியத்துக்குப் போகிறவர்கள் பயந்து ஓடவும் வேண்டாம், கும்பிட்டு விழவும் வேண்டாம். கேளுங்கள். என்ன பொருள்? எவ்வளவு? எத்தனை நாள் தனியாக இருக்க வேண்டும்? குழந்தையை எந்தத் தேதியில் தூக்கலாம்? கர்ப்பமாய் இருந்தாலும், பால் கொடுத்தாலும் முன்னாடியே சொல்லுங்கள். கதிரியக்க அயோடின் சிசுவின் தைராய்டிலும் போய்ச் சேருமாதலால் கர்ப்ப ஸ்திரீகளுக்கு இந்த வைத்தியம் கூடாது. பால் கொடுக்கிறவர்கள் அதற்கு முன்பே அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

டாக்டர் சொன்ன தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அந்தத் தேதி வரையில் ஒரு நாளும் குறைக்காதீர்கள். அந்தத் தேதி வந்த பிறகு ஒரு நாளும் கூட்டாதீர்கள். அன்றைக்குத் தாயின் கையில் குழந்தையைக் கொடுக்கத் தயங்குகிற வீட்டில் மிச்சம் இருப்பது கதிரியக்கம் அல்ல, மூடநம்பிக்கையே என்று சொல்லுவோம்.