முதல் கேமராவுக்கு எத்தனை லென்ஸ்?

சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரி சந்துக்கு மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் இரண்டு லென்ஸ் சேர்த்துத்தான் தவணை சொல்வார். தொலைவில் இருப்பதை அருகே இழுக்கும் நீள லென்சைக் காட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது? நானும் வாங்கினேன். இரண்டு ஆண்டில் அது பெட்டியை விட்டு வெளியே வந்தது நான்கே முறை. அதிலும் இரண்டு முறை எதிர்வீட்டு மாடிக் குரங்குக்காக!

நமக்கு வேண்டிய படங்கள் எவை? பத்தடி அறையில் பிள்ளையின் பிறந்த நாள். ஊரிலிருந்து வந்த அம்மா. எல்லாம் டியூப்லைட் வெளிச்சம். கேமராவோடு வரும் 16-50 லென்ஸ் அறையை முழுதாகப் பிடிக்கும். ஆனால் முகத்தை நெருக்கினால் அதன் துளை எண் 5.6, 6.3 என்று ஏறிவிடும். எண் ஏறினால் வெளிச்சம் குறையும். 5.6-ஐவிட 1.8 ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் விடும். இது தெரியாமல் நான் எடுத்த அம்மாவின் படங்கள் எல்லாம் மங்கல். அவர் இனி டில்லிக்கு வரப்போவதில்லை.

ஆகவே இரண்டாவது லென்ஸ் 35 மி.மீ., 1.8 ஆக இருக்கட்டும். மலிவு என்று 50-க்குப் போகாதீர்கள். சிறிய சென்சார் கேமராவில் அது 75, 80 போல நெருக்கும், நம் முதுகு சுவரில் முட்டும். அதையும் இப்போதே தவணையில் சேர்க்க வேண்டாம். முதல் தவணைகள் முடியட்டும். வாங்கும் அன்று உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒரு கம்பெனி வளையம் இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்தாது.